தொழுவுரமும் இரு சான்றுகளும்: இந்தூர், குன்னூர் ஆய்வுகள் (1924–1931)

இயற்கை வேளாண்மையை வலியுறுத்தும் தமிழ் எழுத்துகளில் இரண்டு கூற்றுகள் பெரும்பாலும் இணைந்தே வருகின்றன. மட்கிய எரு மண்ணை வளமாக்கும் என்பது ஒன்று. அம்மண்ணில் விளைந்த உணவு உடலுக்கு மிகுந்த சத்தைத் தரும் என்பது மற்றொன்று. இரண்டையும் முன்னோர் வழிவந்த ஒரே அறிவாகக் கருதுவோர் பலர். ஆயினும் இன்றைய வடிவில் இவை காலனிய இந்தியாவின் இருவேறு ஆய்வு நிலையங்களில், இருவேறு வகைச் சான்றுகளைக் கொண்டு உருப்பெற்றன. அவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்திய வேளாண்மையை நேரில் கண்டு 1893இல் அறிக்கை வெளியிட்ட ஆங்கிலேய வேதியியலாளர் ஜே. ஏ. வோல்கர், இந்திய உழவரின் திறனைக் குறைத்து மதிப்பிடவில்லை. விறகுப் பற்றாக்குறையால் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிவதையே அவர் பெருங்குறையாகக் கண்டார். எனவே, எரு பற்றிய அறிவு இருந்தும் எரு போதவில்லை என்பதே அன்றைய சிக்கல். பழமையைப் போற்றும் எழுத்துகள் இதனைப் பெரிதும் கடந்துசெல்கின்றன.

இச்சிக்கலுக்கு விடை தேடிய களம் இந்தூர். 1905இல் பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியேற்ற ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூர் ஆய்வு நிலையத்தை நடத்தினார். குறைந்த சாணத்தோடு மிகுந்த பயிர்க்கழிவைச் சேர்த்து மட்கச் செய்வதே அங்கு உருவான முறை. கடினமான பருத்திமார், துவரைமார் ஆகியவற்றைப் பண்ணைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களால் நொறுங்கச் செய்தனர். அவற்றோடு சாணம், கோமியம் ஊறிய தொழுவ மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, மும்முறை புரட்டினால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரம் ஆயத்தமாகும். உழவர்களையும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்கள் என்றே ஹோவர்ட் குறிப்பிட்டார். சீன உழவர்களின் மட்குமுறை பற்றி எஃப். எச். கிங் எழுதி 1911இல் வெளியான நூலும் அவருக்குத் தூண்டுதலாயிற்று. இம்முறையை விளக்கும் 1931ஆம் ஆண்டு நூலின் இணையாசிரியர் யஷ்வந்த் வாட். ஹோவர்டை இயற்கை வேளாண்மையின் தந்தை எனப் போற்றுவோர் வாட்டின் பெயரை அரிதாகவே குறிப்பிடுகின்றனர். இது திருத்தப்பட வேண்டிய புறக்கணிப்பு.

இரண்டாம் கூற்றின் வேர் நீலகிரியில் உள்ளது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன், வெவ்வேறு உரமிட்டு விளைவித்த சிறுதானியத்தையும் கோதுமையையும் விலங்குகளுக்கு அளித்துச் சோதித்தார். தொழுவுரத்தில் விளைந்த தானியமே சத்தில் மேம்பட்டது என 1926இல் அறிவித்தார். கோயம்புத்தூரில் பணியாற்றிய வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்துக்கும் இவ்வாய்வில் பங்குண்டு.

இம்முடிவு புறந்தள்ளத்தக்கதன்று, ஆனால் மண்வளம் பற்றிய முடிவுக்கு நிகரான உறுதி அதற்கு இன்றும் கிட்டவில்லை. 2009இல் இலண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வு, இயற்கை முறையில் விளைந்த உணவுக்கும் ஏனைய உணவுக்கும் சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. 2014இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வோ இயற்கை விளைபொருளில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் மிகுந்தும் காட்மியம் குறைந்தும் இருப்பதாகக் கூறிற்று. இரு கூற்றுகளையும் ஒன்றாகக் கட்டும்போது, உணவு பற்றிய ஐயம் எழுந்தவுடன் மண் பற்றிய உண்மையும் ஐயத்துக்குள்ளாகிறது. நுகர்வோர் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் இரண்டாம் கூற்றை நம்பி. உழவர் பெறும் நிலைத்த பயனோ முதற்கூற்றைச் சார்ந்தது.

முதற்கூற்றுக்கான நெடுங்காலச் சான்று தமிழ்நாட்டிலேயே உள்ளது. தொழுவுரத்தையும் வேதியுரங்களையும் அடுத்தடுத்த பாத்திகளில் இட்டு ஒப்பிடும் நிலைத்த உரச் சோதனை, கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கி, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தொடர்கிறது.