கூர்நோக்கு இல்லத்தில் சிறாருக்கான உணவு: பெற்றோர் அறிய வேண்டியவை

குற்றச்சாட்டுக்கு உள்ளான 18 வயதுக்குட்பட்ட சிறார், விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லத்தில் தங்கவைக்கப்படலாம். அங்குப் பிள்ளைக்கு வயிறார உணவு கிடைக்குமா என்பதே பெற்றோர் பலர் மருத்துவ அலுவலரிடம் முதலில் கேட்கும் கேள்வி.

உணவின் அளவு

இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் கீழ் 2016இல் வெளியிடப்பட்ட மாதிரி விதிகள், காலை உணவு உட்பட நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு வழங்கப் பணிக்கின்றன. ஒருவருக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு முதலிய தானியங்கள் 600 கிராம். 16 முதல் 18 வயதினருக்கு 700 கிராம். பருப்பு அல்லது கடலை வகை 120 கிராம். இவை சமைக்காத பொருளின் எடை. காய்கறி, கீரை, பால், முட்டை அல்லது கோழி இறைச்சி ஆகியவையும் பட்டியலில் உள்ளன. மாநில விதிகளில் அளவு சற்று மாறலாம்.

இந்த அளவு மிகுதியெனத் தோன்றலாம். ஆனால் உடலுழைப்புக் குறைந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,110 கிலோ கலோரி போதுமெனக் கூறும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 16 முதல் 18 வயதுச் சிறுவனுக்கு 3,320 கிலோ கலோரி தேவையெனக் கணக்கிட்டுள்ளது. வளரும் பிள்ளை மீண்டும் சோறு கேட்பது இயல்பே.

நோயுள்ள பிள்ளைக்கு

உங்கள் பிள்ளைக்கு நீரிழிவு, வலிப்பு, காசநோய், ஒவ்வாமை போன்றவை இருப்பின் முதல் நாளே கண்காணிப்பாளரிடமும் மருத்துவரிடமும் தெரிவியுங்கள். வழக்குக்குக் கேடு வருமோ என அஞ்சிச் சிலர் மறைக்கின்றனர். அந்த மௌனமே ஆபத்தாகிறது. இன்சுலின் போட்ட பின் உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றி, கவனிக்காவிடில் நினைவிழப்பு வரை செல்லும். குழப்பத்தில் முரண்டு பிடிக்கும் பிள்ளையை அடம்பிடிப்பவன் எனப் பிறர் எண்ணிவிடக்கூடும். ஆகவே ஊசி போடும் நேரம், மருந்தின் அளவு, இரவில் உண்ணும் சிற்றுண்டி ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, மருந்துச் சீட்டின் நகலையும் இணையுங்கள். சைவ உணவினருக்கு இறைச்சிக்கு மாற்றாக வெல்லமும் நிலக்கடலையும் வழங்கப்படலாம் என்பதால், நிலக்கடலை ஒவ்வாமையைத் தவறாது குறிப்பிடுங்கள்.

மருத்துவர் பரிந்துரைத்தால் தனி உணவு வழங்க விதிகளில் இடமுண்டு. போதைப் பழக்கத்தை அண்மையில் நிறுத்திய பிள்ளைக்கு முதல் சில நாள்கள் பசி குன்றலாம். அதையும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். இரத்தசோகை உள்ள பெண் பிள்ளைகள் உணவுடன் தேநீர் அருந்துவதைத் தவிர்த்தல் நலம். தேநீர் இரும்புச்சத்து உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும்.

வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் கொண்டுவர விரும்பும் தாயின் மனம் புரிகிறது. எனினும், இல்லத்தின் அனுமதி பெற்றே கொடுங்கள்.

எப்போது கேள்வி எழுப்ப வேண்டும்

தண்டனையாக உணவைக் குறைப்பதை, 1990இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சிறார் காவல் விதிகள் எக்காரணத்துக்காகவும் தடை செய்கின்றன. குடிநீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும் எனவும் அவை கூறுகின்றன. சந்திப்பின்போது உடை தளர்ந்திருத்தல், சோர்வு, உணவு பற்றிக் கேட்டால் பேச மறுத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். மாதந்தோறும் நடைபெற வேண்டிய மருத்துவப் பரிசோதனையில் பதிவான எடையைக் கேட்டறியுங்கள். எடை தொடர்ந்து குறைந்தால் மருத்துவரைச் சந்திக்கக் கோருங்கள். தீர்வு கிடைக்காவிடில் இளைஞர் நீதிக் குழுமத்திடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ எழுத்து வழி முறையிடலாம். 1098 என்ற சிறார் உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.