பூச்சியம் சொன்ன செய்தி

கருவி அளந்தால் மட்டும் போதாது. அளந்ததை அறிஞரின் கையிற் கொண்டுவந்து சேர்க்கும் வழியும் வேண்டும். சிறு செய்மதிகளின் வரலாறு புகட்டிய முதற் பாடம் இதுவே.

1958ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி இரவு ஐக்கிய அமெரிக்கா தனது முதலாவது செய்மதியாகிய எக்ஸ்புளோரர் 1ஐ விண்ணில் ஏவியது. ஏறக்குறைய 14 கிலோகிராம் நிறையுடைய அச்செய்மதியில் அயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் அலனின் கைகர் எண்ணி இருந்தது. அண்டக்கதிர்த் துணிக்கை ஒன்று அதன் குழாயினூடே பாயுந்தோறும் ஒரு மின்துடிப்புப் பிறக்கும். அத்துடிப்புக்களை ஒரு மின்சுற்று எண்ணும். எண்ணியதை வானொலி அலை பூமிக்குச் சுமந்து வரும்.

ஆனால், அதிற் பதிவுக்கருவி இல்லை. தரைநிலையம் ஒன்றின் அருகாகச் செல்லும் சில நிமிடங்களில் மட்டுமே அதன் குரல் கேட்டது. எஞ்சியதெல்லாம் கேட்பாரின்றி வெளியிற் கரைந்தது. கிடைத்த துண்டுகளும் குழப்பத்தையே தந்தன. தாழ்ந்த உயரங்களில் எதிர்பார்த்தபடி இருந்த எண்ணிக்கை, மிக உயர்ந்த இடங்களிற் சில வேளை பூச்சியமாயிற்று. கருவி பழுதுற்றதா? அன்றி, அங்கே கதிர்களே இல்லையா?

வான் அலனின் மாணவர் ஜோர்ஜ் லட்விக் இதற்கென ஒரு சிறு நாடாப் பதிவுக்கருவியை அமைத்திருந்தார். அதனைச் சுமந்து மார்ச்சு 5ஆந் திகதி புறப்பட்ட எக்ஸ்புளோரர் 2 சுற்றுப்பாதையை அடையவில்லை. மார்ச்சு 26ஆந் திகதி ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 3 வெற்றி கண்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரச் சுற்றொன்றிற் சேர்த்தவற்றை, தரையிலிருந்து கட்டளை சென்றதும், அது சில செக்கன்களில் ஒப்புவித்தது.

முழுச் சுற்றின் கணக்கையும் வரைபுத்தாளிற் குறித்தபோது உண்மை தலைகாட்டியது. எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது, திடீரெனப் பூச்சியமாயிற்று, மீண்டும் உயர்ந்து பழைய அளவுக்குத் தாழ்ந்தது. பழுதுற்ற கருவி இவ்வாறு ஒழுங்காக எழுந்து விழுமா?

விடையை ஆய்வுகூடம் தந்தது. கார்ல் மக்கில்வெயின் அத்தகைய எண்ணியொன்றைக் கடுமையான எக்ஸ் கதிர்களுக்கு முன் வைத்தார். துடிப்புக்கள் நெருங்கிச் சிறுத்தன, எண்ணும் சுற்று அவற்றை உணரவில்லை, பூச்சியமே காட்டியது. கதிர் இல்லாமையாலன்று, அளவுகடந்து இருந்தமையாலேயே எண்ணி ஊமையாயிற்று!

பூமியைச் சூழ்ந்துள்ள அக்கதிர்வலயம் பற்றி 1958 மே முதலாந் திகதி வான் அலன் உலகுக்கு அறிவித்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. குழாய்க்கும் சுற்றுக்கும் இடைப்பட்ட இணைப்பிற் செய்தி தடைப்பட்டது. நாடாவும் மனிதரின் ஐயமும் சேர்ந்தே அதனை மீட்டெடுத்தன.