மின்தடையே இல்லாத சூப்பர் கண்டக்டர், கரண்ட்டையே விடாத இன்சுலேட்டராக மாறுவது எப்படி?

2023 டிசம்பர் 11. பூமியிலிருந்து சுமார் 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த நாசாவின் 'சைக்கி' விண்கலம், லேசர் ஒளி மூலம் ஒரு பூனை வீடியோவை அனுப்பியது. அவ்வளவு தூரம் கடந்து வந்த மங்கலான ஒளியை கலிபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில் பிடித்தது, சூப்பர் கண்டக்டர் நானோ கம்பிகளால் ஆன ஒரு சென்சார்.

இந்த வகை சென்சார்களில் உள்ள படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான், ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாலும் அதன் நிலை குலைந்து சிக்னல் கிடைக்கும். ஆனால் மெல்லியதாக்க மெல்லியதாக்க, அணுக்களின் ஒழுங்கின்மை தன் வேலையைக் காட்டத் தொடங்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் சூப்பர் கண்டக்டரே இன்சுலேட்டராகிவிடும். அது எப்படி நடக்கிறது?

சூப்பர் கண்டக்டர் என்றால் என்ன?

சாதாரண செம்புக் கம்பியில் ஓடும் எலக்ட்ரான்கள் வழியில் மோதிச் சிதறுகின்றன. அதனால்தான் கம்பி சூடாகிறது. 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில், காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தை சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை திடீரென மறைந்தது.

காரணம் தெரிய 46 வருஷம் ஆனது. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் விளக்கினார்கள்: ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்கள், கடுங்குளிரில் ஜோடி சேர்கின்றன. இவையே 'கூப்பர் ஜோடிகள்'.

ஜோடி சேர்ந்தால் மட்டும் போதாது. ஒயிலாட்டத்தில் எல்லோரும் ஒரே தாளத்துக்கு அடி வைப்பது போல, அத்தனை ஜோடிகளும் ஒரே தாளத்தில் நகர வேண்டும். ஜோடி, தாளம் இரண்டும் இருந்தால்தான் மின்தடை பூஜ்ஜியம்.

கலப்படம் இருந்தால் கெட்டுவிடுமா?

இங்கேதான் ட்விஸ்ட். காந்தத்தன்மை இல்லாத கலப்படம் கொஞ்சம் இருந்தால் ஜோடிகளுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று 1959-ல் பிலிப் ஆண்டர்சன் காட்டினார். காந்தத்தன்மை உள்ள கலப்படம் என்றால் கதை வேறு, அது ஜோடியை உடைத்துவிடும்.

ஆனால் அதற்கு முந்தைய வருஷம் இதே ஆண்டர்சன்தான், ஒழுங்கின்மை மிகவும் அதிகமானால் எலக்ட்ரான் அலைகள் நகர முடியாமல் ஓரிடத்திலேயே சிக்கிக்கொள்ளும் என்றும் சொல்லியிருந்தார். லேசான ஒழுங்கின்மை பரவாயில்லை, கடுமையானது ஆளையே முடக்கும். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது?

1989-ல் நடந்த சோதனை

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹேவிலாண்ட், லியூ, கோல்ட்மேன் ஆகியோர் பிஸ்மத் உலோகத்தைத் துளித்துளியாகப் படியவைத்து அளந்தார்கள். மிக மெல்லிய படலத்தில், குளிரக் குளிர மின்தடை ஏறியது. அதாவது இன்சுலேட்டர். கொஞ்சம் தடிமன் கூடியதும் மின்தடை பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. அதாவது சூப்பர் கண்டக்டர்.

இரண்டையும் பிரித்த தடிமன் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அந்த எல்லையில் படலத்தின் மின்தடை சுமார் 6,450 ஓம் என்ற மதிப்பை ஒட்டி இருந்தது. பிளாங்க் மாறிலியையும் எலக்ட்ரான் ஜோடியின் மின்னூட்டத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் வரும் அதே எண். ஆனால் பின்னர் வேறு பொருள்களில் செய்த சோதனைகளில் எல்லா இடத்திலும் இதே எண் வரவில்லை.

உடைவது ஜோடியா, தாளமா?

இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன.

முதல் வழி: ஒழுங்கின்மையால் எலக்ட்ரான்களின் நடமாட்டம் குறைகிறது. அவற்றுக்கு இடையேயான விலக்கு விசை ஓங்குகிறது. ஜோடி சேர்வதே பலவீனமாகி, கடைசியில் நின்றுபோகிறது.

இரண்டாம் வழி: ஜோடி உடைவதில்லை, தாளம்தான் தப்புகிறது. கோடையில் ஏரி வற்றும்போது தண்ணீர் தனித்தனிக் குட்டைகளாகத் தேங்கும் இல்லையா? அதுபோல ஜோடிகள் அங்கங்கே திட்டுத்திட்டாக நிற்கும். தண்ணீர் இருக்கிறது, ஆனால் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் படகு போகாது.

இந்தத் திட்டுகளை 1998-லேயே கணக்கிட்டுக் காட்டியவர்கள் அமித் கோசல், மோஹித் ரந்தேரியா, நந்தினி திரிவேதி. 2011-ல் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழு நியோபியம் நைட்ரைடு படலங்களிலும், பிரான்ஸின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு இண்டியம் ஆக்சைடு படலங்களிலும் சோதித்தன. மின்தடை மறையாத, சற்றே கூடுதலான வெப்பநிலையிலும் ஜோடி சேர்ந்ததற்கான அடையாளம் அங்கே தெரிந்தது.

அப்போ எது சரி?

பொருளைப் பொறுத்தது. சிலவற்றில் முதல் வழி, சிலவற்றில் இரண்டாம் வழி, சிலவற்றில் இரண்டும் கலந்து.

நமக்கு ஏன் முக்கியம்?

சென்சார் செய்பவர்களும் குவாண்டம் கம்ப்யூட்டர் சர்க்யூட் வடிவமைப்பவர்களில் சிலரும் இந்த எல்லைக்குப் பக்கத்தில் உள்ள படலங்களைத் தேடுகிறார்கள். எல்லை எங்கே, அங்கே முதலில் போவது ஜோடியா தாளமா என்பது தெரிந்தால்தான், எவ்வளவு மெல்லியதாக்கலாம் என்று துணிந்து முடிவெடுக்க முடியும். ஏனென்றால் கரண்ட்டே போகாத ஓர் இன்சுலேட்டருக்குள், சூப்பர் கண்டக்டருக்கான ஜோடிகள் தாளம் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கலாம்.