பழைய வண்டியும் புதிய எஞ்சினும்



மன்னர்கள் புரிந்த போர்களும் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளுமே வரலாறு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். மக்கள் தம் கருவிகளை எவ்வாறு பேணினர், பழுதுற்றவற்றை எவ்வாறு மீண்டும் இயங்கச் செய்தனர் என்பதும் வரலாறேயாகும். அவ்வகை வரலாறு ஒன்றை இன்று உங்கட்குக் கூற விரும்புகின்றேன். ஒரு காரின் எஞ்சினையும் அதனைச் சார்ந்த உறுப்புகளையும் கழற்றி, வேறொரு பழைய பிக்கப் வண்டியிற் பொருத்தும் தொழில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, அதனால் எழுந்த வினா யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பிக்கப் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சுமைத்தட்டும் உடைய சிறிய வண்டி. அதன் ஆற்றல் எவ்வழியாகச் சக்கரத்தை அடைகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எஞ்சினில் பிறக்கும் சுழற்சி கிளச்சின் வழியாகக் கியர்ப் பெட்டிக்குச் செல்கின்றது. அங்கிருந்து நீண்டதொரு சுழல்தண்டு அதனைப் பின்புறம் கொண்டு செல்கின்றது. பின்னச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் அதனை இரு சக்கரங்கட்கும் பகிர்ந்தளிக்கின்றது. சங்கிலியின் கண்ணிகள்போல இவை ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒரு கண்ணியை மாற்றினால் அடுத்த கண்ணிகளும் அதற்கு இசைய வேண்டும். இவ்வொரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர்க் கூறுவன யாவும் எளிதில் விளங்கும்.

ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1908-ஆம் ஆண்டில் ‘டி மாடல்’ காரை வெளியிட்டது. அதன் எஞ்சின் 20 குதிரைச் சக்தியே உடையது. ஆயினும் விலை மலிவு. பழுது பார்த்தலும் எளிது. உழவர்கள் பலர் அதன் பின்பகுதியை அறுத்து நீக்கி, மரப்பெட்டி ஒன்றை அமைத்துக் கறிகாய்களும் தீவன மூட்டைகளும் ஏற்றிச் சென்றனர். இவ்வழக்கத்தைக் கண்ட நிறுவனம், 1925-ஆம் ஆண்டில் சுமைத்தட்டுடன் கூடிய வண்டியைத் தன் ஆலையிலேயே செய்து 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பிக்கப் வண்டியின் பிறப்பிலேயே, வாங்கிய பொருளைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் மக்களின் கைவண்ணம் கலந்திருப்பதை நோக்குக.

1927-ஆம் ஆண்டில் டி மாடல் நிறுத்தப்பட்டபோது, ஒரு கோடியே ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அதனை அடுத்து வந்த ‘ஏ மாடல்’ வண்டியின் எஞ்சின் 40 குதிரைச் சக்தி உடையது. 1932-ஆம் ஆண்டில்தான் பெருமாறுதல் ஒன்று நிகழ்ந்தது. எட்டுச் சிலிண்டர்கள் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்கும் வி-எட்டு எஞ்சின் 1914-ஆம் ஆண்டு முதலே கேடிலாக் போன்ற செல்வர் வண்டிகளில் இருந்தது. அதனை ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்து, எளிய மக்களும் வாங்கத்தக்க விலையில் ஃபோர்டு வழங்கினார். அவ்வெஞ்சினின் சக்தி 65 குதிரைகளுக்குச் சமம்.

சாலையில் வண்டிகள் மிகுந்தால் விபத்தும் மிகும். சில ஆண்டுகளில் முகம் நசுங்கிய வி-எட்டுக் கார்கள் பழைய இரும்புக் கிடங்குகளில் வந்து குவிந்தன. உடல் சிதைந்தாலும் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும். தென் கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றை மலிவாக வாங்கி, எடை குறைந்த பழைய ஏ மாடல் வண்டிகளிற் பொருத்தினர். மூரோக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் அவற்றை ஓட்டி வேகத்தை அளந்தனர். இவர்களுடைய சங்கங்கள் கூடி 1937-ஆம் ஆண்டில் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்னும் அமைப்பை நிறுவின. 1939-ஆம் ஆண்டில் ஃபோர்டு கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகள் வந்தன. உடனே இவ்விளைஞர்கள் அவற்றையும் கழற்றித் தம் பழைய வண்டிகளில் ஏற்றினர். வேகம் கூடினால் நிறுத்தும் ஆற்றலும் கூட வேண்டும் என்பதைப் பட்டறையில் அவர்கள் கற்றுக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இருந்த வண்டிகளையே ஓட்டிக் காலங்கழிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அதே காலத்தில் இளைஞர் பல்லாயிரவர் படையிற் சேர்ந்து லாரிகளையும் விமானங்களையும் பழுது பார்க்கப் பயிற்சி பெற்றனர். போர் முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது இத்தொழில் புதிய ஊக்கம் பெற்றது. 1948-ஆம் ஆண்டு ஜனவரியில் இதற்கென்றே ‘ஹாட் ராட்’ என்னும் திங்களிதழ் ஒன்று வெளிவரலாயிற்று.

இன்று பழம்பெருமை வாய்ந்தவை என்று போற்றப்படும் பிக்கப் வண்டிகளும் அக்காலத்தவையே. 1947-இல் ஷெவர்லே நிறுவனம் புதிய அமைப்பில் தன் பிக்கப்பை வெளியிட்டது. 1948-இல் ஃபோர்டின் எஃப்-1 வந்தது. இவை உழைப்பதற்கென்று செய்யப்பட்டவை, விரைவிற்கென்று அல்ல.

1955-ஆம் ஆண்டில் எட் கோல் என்னும் பொறியியலாளரின் தலைமையில் ஷெவர்லே நிறுவனம் புதிய வி-எட்டு எஞ்சின் ஒன்றைச் செய்தது. 4.3 லிட்டர் கொள்ளளவுடைய அது 162 குதிரைச் சக்தி தந்தது. எனினும் அந்நிறுவனத்தின் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட எடை குறைந்தது. இதனினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. எஞ்சினின் பின்முகத்தில் கியர்ப் பெட்டியைப் பிணைக்கும் திருகாணித் துளைகளின் அமைப்பைப் பல்லாண்டுகள் மாற்றாமலே அந்நிறுவனம் வைத்திருந்தது. ஆகவே ஓர் ஆண்டின் எஞ்சினும் வேறோர் ஆண்டின் கியர்ப் பெட்டியும் முரண்படாமற் பொருந்தின. அளவு ஒருமைப்பாடு எத்துணைப் பெரிய கொடை என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இவ்வெஞ்சின் மரபில் 10 கோடியாவது எஞ்சினை 2011-ஆம் ஆண்டில் செய்து முடித்ததாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அறிவித்தது.

இனி, இம்மாற்றம் நடைபெறும் முறையைச் சற்றுக் காண்போம். 1950-ஆம் ஆண்டின் ஷெவர்லே அரை டன் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 90 குதிரைச் சக்தி தருவது. அதனை நீக்கி, விபத்திற் சிதைந்த பிற்கால ஷெவர்லே கார் ஒன்றின் வி-எட்டை வைக்க விரும்புகின்றோம். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் மாறினாற் போதுமா? போதாது. அப்பழைய வண்டியில் சுழல்தண்டு தடித்த குழாய் ஒன்றனுள் அடங்கியுள்ளது. சக்கரங்கள் வண்டியை முன்னே தள்ளும் விசை அக்குழாய் வழியாகவே கியர்ப் பெட்டியைச் சென்று சேர்கின்றது. புதிய கியர்ப் பெட்டியோ அவ்விசையைத் தாங்குமாறு அமைந்ததன்று. வெளியே தெரியும் திறந்த சுழல்தண்டிற்கென அமைந்தது. எனவே பின்னச்சையும் மாற்ற வேண்டும். தள்ளுவிசையை இனி வில்பட்டைகள் தாங்க வேண்டும். ஓர் எஞ்சினை மட்டும் வாங்காமல், உறுப்புகளை ஈயும் கார் முழுவதையும் வாங்குவதே அறிவுடைமை என்று இத்தொழிலார் கருதுவதன் காரணம் இதுதான்.

பின்னச்சை மாற்றுவதில் நன்மையும் உண்டு. பழைய பிக்கப்பில் சுழல்தண்டு 4.11 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சுமை இழுப்பதற்கு அஃது ஏற்றது. சக்கரத்தின் சுற்றளவு 2.25 மீட்டர் என்று கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் செல்ல வேண்டுமானால் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 740 முறை சுழல வேண்டும். நேர் கியரில் அப்போது எஞ்சின் 3,040 முறைக்குமேற் சுழலும். கார் ஒன்றின் 3.08 விகிதமுள்ள பின்னச்சை வைத்தால், அதே வேகத்திற்கு 2,280 சுற்றே போதுமானது. எஞ்சினின் இரைச்சலும் தேய்மானமும் குறையும். பற்களை எண்ணி வகுத்துப் பார்க்கும் இச்சிறு கணக்கை நீங்கள் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வடிவ கணிதமும் இங்கே வேண்டப்படுகின்றது. சுழல்தண்டின் இரு முனைகளிலும் எத்திசையும் மடங்கும் மூட்டுகள் உள்ளன. தண்டு சாய்ந்து நிற்கும்போது முதல் மூட்டினாற் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் சற்றே விரைந்தும் சற்றே தளர்ந்தும் செல்லும். இரண்டாம் மூட்டும் அதே கோணத்தில் அமைந்தால் அவ்வேறுபாடு நீங்கிவிடும். ஆதலின் கியர்ப் பெட்டியின் வெளித்தண்டும் பின்னச்சின் உள்தண்டும் ஒன்றற்கொன்று இணையாக இருக்குமாறு அளந்த பின்னரே, வில்பட்டை அமரும் தாங்கிகளைப் பின்னச்சிற் பற்றவைப்பர். அளக்காமற் பற்றவைத்த வண்டி வேகம் கூடியவுடன் நடுங்கும். நாளடைவில் மூட்டுகளும் தேய்ந்து முறியும்.

இன்னும் சில வேலைகள் உள. பழைய மின்கலம் 6 வோல்ட்டு. புதிய எஞ்சினுக்கு 12 வோல்ட்டு வேண்டும். வெப்பம் மிகுதலால் பெரிய ரேடியேட்டர் தேவை. எல்லாவற்றினும் தலையாயது பிரேக்கு. பழைய அமைப்பில் நான்கு சக்கரங்கட்கும் எண்ணெய்ச் சுற்று ஒன்றே; ஒரு குழாய் உடைந்தால் நான்கும் செயலற்றுவிடும். சக்தியை இரு மடங்காக்கிவிட்டுப் பிரேக்கைப் பழையபடியே விடுவது அறியாமை; அன்று, அது குற்றம். சாலையில் நடப்போர் உயிரும் அதில் அடங்கியுள்ளது அன்றோ? இதனால்தான் 1974 முதல் 1978 வரை வெளிவந்த இரண்டாம் மஸ்டாங் காரின் முன்சக்கர அமைப்பு, அதன் சிறிய அளவாலும் செம்மையான திருப்பும் முறையாலும், எண்ணற்ற பழைய பிக்கப் வண்டிகளுக்கு முன்மாதிரியாயிற்று.

1997-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட எல்எஸ் வகை எஞ்சின் இத்தொழிலில் மற்றொரு படி. அதனை இயக்குவது ஒரு கணிப்பொறி. எனவே எஞ்சினோடு கம்பிக் கற்றையும் உணர்கருவிகளும் உடன்வர வேண்டியனவாயின. சட்டமும் குறுக்கிட்டது. கலிஃபோர்னியாவில், புகைச் சோதனைக்கு உட்பட்ட வண்டியிற் பொருத்தப்படும் எஞ்சின் அவ்வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சார்ந்ததாக இருத்தல் வேண்டும். அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உடனிருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனமே 1978-ஆம் ஆண்டின் எஃப்-100 பிக்கப் ஒன்றை எடுத்து, மஸ்டாங் மாக்-ஈ என்னும் மின்சாரக் காரின் இரு மோட்டார்களைப் பொருத்தி, 480 குதிரைச் சக்தியுடன் காட்சிக்கு வைத்தது. ஏரிப் படுகை இளைஞர் தொடங்கிய வேலையை ஆலையே தன் கையால் செய்து காட்டியது.

இனி வினாவிற்கு வருவோம். எஞ்சின் வேறு, கியர்ப் பெட்டி வேறு, அச்சு வேறு, பிரேக்கு வேறு. எஞ்சியது தகடும் அடிச்சட்டமுமே. இஃது அப்பழைய வண்டிதானா? பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். அவ்வாதம் இன்று பட்டறைகளிலும் நடைபெறுகின்றது. ஒரு சாரார், பயன்படாத வண்டி பிணம். ஓடுவதே அதற்கு வாழ்வு என்பர். மற்றொரு சாரார், ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி அக்காலத்தின் சாசனம். அதனை அறுப்பது கல்வெட்டைச் செதுக்கி அழிப்பதை ஒக்கும் என்பர்.

இரு கூற்றிலும் உண்மை உண்டு என்பதே என் கருத்து. எஞ்சின் காணாமற்போய்த் துருவேறி நிற்கும் வண்டிகள் ஆயிரமாயிரம். அவற்றுள் ஒன்றற்கு வேற்று எஞ்சினை வைத்து ஓடச் செய்வதால் வரலாறு எதனையும் இழப்பதில்லை. இரும்புக் கிடங்கில் உருகிப் போகவிருந்த உறுப்பு ஒன்றும் பிழைக்கின்றது. ஆனால் எல்லா உறுப்பும் குறைவின்றி அமைந்த வண்டி அரியது. பழஞ்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், ஏடு சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே காட்டுவர். தம் சொல்லை மூலத்தின் சொல்லாக நுழைக்க மாட்டார். அந்நேர்மை இங்கும் வேண்டும். அடிச்சட்டத்தை அறுக்காமல் திருகாணியாற் பொருத்த இயலுமாயின் அவ்வாறே செய்க. கழற்றிய எஞ்சினை எண்ணெயிட்டுப் பாதுகாத்து வைக்க. எதனை எங்கிருந்து எடுத்து வைத்தோம் என்பதை எழுதி வைக்க. பின்வருபவர் விரும்பினால் பழைய நிலைக்கு மீட்க அது வழி செய்யும். விரும்பாவிடினும் உண்மை மறையாது.

மாணவர்களே, இவ்வரலாற்றை உண்டாக்கியவரிற் பெரும்பாலோர் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் அவர்கள் விகிதத்தையும் கோணத்தையும் விசையையும் கையால் அறிந்தவர்கள். நீங்கள் ஏட்டிற் கற்கும் கணிதமும் அவர்கள் பட்டறையிற் கண்ட கணிதமும் ஒன்றே. உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றனுள் நுழைந்து, அங்கே பணி புரிபவரிடம் பணிவோடு வினவிப் பாருங்கள். பாடநூலில் விளங்காத ஒன்று அங்கே விளங்கக்கூடும்.