ஓக் பார்க்: கலந்து வாழ ஓர் ஊர் வகுத்த வழிகள்

சிகாகோ நகர மையத்துக்கு மேற்கே சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கிறது ஓக் பார்க். பரப்பு 12 சதுர கிலோமீட்டர்தான். 1902இல் சிசரோவிலிருந்து பிரிந்து தனி ஊரானது. ஹெமிங்வே பிறந்த ஊர் என்றும், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் வாழ்ந்து தொழில் செய்த ஊர் என்றும் அதை அறிவோம். சமூக வரலாற்றை ஆராய்பவருக்கோ அதன் குடிக்கணக்கே முக்கியம். 1970இல் 62,511 பேர் வாழ்ந்த அவ்வூரில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2000இல் ஐந்தில் ஒருவருக்கு மேல். இடைப்பட்ட முப்பதாண்டில் நடந்தது தற்செயலன்று; திட்டமிட்டு, தெருத் தெருவாகச் செய்த வேலை.

முன்கதை கசப்பானது. கறுப்பின வேதியியலறிஞர் பெர்சி ஜூலியன் 1950இல் இங்கு வீடு வாங்கினார். கண்நோய்க்கான ஃபைசோஸ்டிக்மினைச் செயற்கையாக உருவாக்கிப் புகழ்பெற்றவர் அவர். குடும்பம் குடிபுகுமுன்பே அவ்வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். மறு ஆண்டு, பெற்றோர் வெளியூர் போயிருந்தபோது, பிள்ளைகள் இருந்த வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. இன்று ஊரின் இரண்டு நடுநிலைப் பள்ளிகளில் ஒன்று ஜூலியன் பெயரைத் தாங்குகிறது.

ஓக் பார்க்கின் கிழக்கெல்லை ஆஸ்டின் சாலை. அதற்கு அப்பால் சிகாகோவின் ஆஸ்டின் பகுதி. 1960களின் பிற்பாதியில் தரகர்கள் அங்கே வீடு வீடாகப் போய், 'கறுப்பினத்தவர் வருகிறார்கள், விலை விழும், இப்போதே விற்றுவிடுங்கள்' என்று அச்சமூட்டினார்கள். வெள்ளையரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறெங்கும் இடம் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்குக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் ஆஸ்டினின் பெரும்பகுதி மாறிப்போனது. அடுத்தது தங்கள் ஊர்தான் என்று ஓக் பார்க்கில் பலரும் எண்ணினார்கள்.

1968 மே மாதம் ஊர்மன்றம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் ஒரு தேவாலயத்தில் வீட்டுவசதி மையத்தைத் தொடங்கினார். அதன் நடைமுறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வாடகைக்கு வீடு தேடி வெள்ளையர் ஒருவர் வந்தால், ஆஸ்டின் எல்லையை ஒட்டிய கட்டடங்களையும் பார்க்கச் சொல்வார்கள். கறுப்பினத்தவர் வந்தால், ஊரின் மற்றப் பகுதிகளில் உள்ள வீடுகளையும் காட்டுவார்கள். முடிவு அவரவருடையது. 'விற்பனைக்கு' என்ற பலகைக்கு ஊர்மன்றம் தடை போட்டது. அத்தகைய தடை செல்லாது என்று 1977இல் வேறோர் ஊரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், தரகர்கள் தாமாகவே பலகை வைக்காமல் இருந்தார்கள். ஊர்மன்றக் கட்டடத்தையே 1975இல் ஊரின் கிழக்குப் பக்கம் எழுப்பினார்கள். இந்தப் பகுதியைக் கைவிடமாட்டோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சொல் தேவையில்லை. வீட்டை விற்கும்போது விலை குறைந்திருந்தால் இழப்பில் 80 விழுக்காட்டை ஈடுசெய்யும் திட்டம் 1978இல் வந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வெள்ளையர் ஓடிவிடாதபடி கறுப்பினத்தவர் பரவி வாழ வேண்டும் என்றால், யாருடைய அச்சத்துக்கு யார் விலை கொடுப்பது? கறுப்பினக் குடும்பங்களுக்கு உச்சவரம்பு வைக்கும் யோசனைகூட 1970களில் எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

அன்றாட வாழ்வில் இந்த வரலாற்றின் தடங்கள் தெரிகின்றன. ஊருக்கும் பக்கத்து ரிவர் ஃபாரஸ்டுக்கும் சேர்த்து ஒரே அரசு உயர்நிலைப் பள்ளி என்பதால், அரசுப் பள்ளிக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். ஆனால் மேம்பட்ட பாடங்களுக்கான வகுப்பறைகளில் வெள்ளை மாணவரே நிறைந்திருப்பதை 2018இல் ஸ்டீவ் ஜேம்ஸ் எடுத்த ஆவணப்படத் தொடர் காட்டியது. பின்னிரவில் தெருவோரம் கார் நிறுத்த நெடுங்காலமாக இருந்த கட்டுப்பாடு சொந்த வீட்டுக்காரருக்குப் பொருட்டாக இருந்ததில்லை. கார் நிறுத்த இடமில்லாத பழைய அடுக்குக் கட்டடங்களில் வாடகைக்கு இருப்போருக்கு அது அன்றாடச் சுமையாக இருந்தது. தெருக்கள் கலந்துவிட்டன, சுமை சமமாகவில்லை.

2020 கணக்கெடுப்பில் கறுப்பினத்தவரின் பங்கு 2000இல் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. வீட்டு விலையும் சொத்துவரியும் ஏறுவது இதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. 1970களின் கருவிகள் எல்லாம் விலை விழும் என்ற அச்சத்தை எதிர்த்து உருவானவை. விலை ஏறுவதை அவற்றால் தடுக்க இயலாது. 2019இல் பெரிய அடுக்ககங்களில் ஒரு பகுதியைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்க வேண்டும், இல்லையேல் ஊர் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. புதிய கட்டடங்களை மட்டுமே தொடும் அவ்விதி, பழைய வீடுகளில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை நேரடியாக எட்டவில்லை.