மேடை மறுத்த பெண்: மிஸ் மார்ப்பிள் பிறந்த கதை

1928 மே மாதம் லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் ‘அலிபை’ என்ற நாடகம் மேடையேறியது. அகதா கிறிஸ்டி எழுதி 1926இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலை மைக்கேல் மார்ட்டன் நாடகமாக்கியிருந்தார். துப்பறிவாளர் ஹெர்க்யூல் பாய்ரோவாக நடித்தவர் சார்லஸ் லாட்டன். நாவலைப் படித்துவிட்டு அரங்குக்குப் போனவர்கள் அங்கே ஒருவரைக் காணாமல் தேடியிருப்பார்கள். கதையைச் சொல்லும் டாக்டர் ஷெப்பர்டின் சகோதரி கரோலைன் நாடகத்தில் இல்லை. அவர் இருக்கவேண்டிய இடத்தில் அழகான இளம்பெண் ஒருத்தி நின்றாள்.

நாவலில் கரோலைன் மணமாகாத நடுவயதுப் பெண். வீட்டைவிட்டு அதிகம் நகரமாட்டார். ஆனால் ஊரில் யார் யாரைச் சந்தித்தார்கள், யார் வீட்டில் சண்டை, யாருக்குக் கடன் என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்துசேரும். வேலைக்காரப் பெண்களும் வாசலுக்கு வரும் வியாபாரிகளுமே அவருடைய செய்தியாளர்கள். அந்த நாவலில் கிறிஸ்டி மிகவும் விரும்பி எழுதிய பாத்திரம் அவர்தான்.

நாடகத்தின் முதல் வரைவில் பாய்ரோவின் வயதில் இருபது ஆண்டுகளைக் குறைத்து, பெண்கள் மயங்கும் காதல் நாயகனாக அவரை மாற்றும் யோசனை இருந்தது. கிறிஸ்டி அதை விடாப்பிடியாக எதிர்த்தார். இயக்குநர் ஜெரால்ட் டு மோரியே அவர் பக்கம் நின்றார். பாய்ரோ தப்பித்தார். அதற்கு ஈடாகக் கரோலைன் பலியானார். ஊரையே அறிந்துவைத்திருந்த அந்தப் பெண்ணை மேடையில் நிறுத்தினால் பார்க்க யார் வருவார்கள் என்பது நாடகக்காரர்களின் கணக்காக இருந்திருக்கலாம்.

கிறிஸ்டி இதை மறக்கவே இல்லை. அவர் மறைவுக்குப் பின் 1977இல் வெளிவந்த தன்வரலாற்றில், கரோலைனை நீக்கியது தனக்கு எவ்வளவு கசப்பைத் தந்தது என்று எழுதியிருக்கிறார். தானே அறியாமல், துப்பறியும் மூதாட்டியான மிஸ் மார்ப்பிள் உருவான கணம் அதுதான் என்றும் கருதினார். ஆனால் நாடகம் மேடையேறுவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1927 டிசம்பர் ‘ராயல் மேகசின்’ இதழில் மிஸ் மார்ப்பிள் அச்சில் வந்துவிட்டார். ஆகவே கோபத்தை மட்டும் வித்து என்று சொல்லிவிட முடியாது. கரோலைனை எழுதியபோது கிடைத்த மகிழ்ச்சிதான் வித்தாக இருக்கலாம் என்று கிறிஸ்டியே அதே நூலில் சொல்கிறார். அந்த மகிழ்ச்சி முளைவிட்டு நிற்க, கோபம் வேலியாக அமைந்தது.

அந்த ஆண்டுகள் கிறிஸ்டிக்குக் கொடுமையானவை. 1926 ஏப்ரலில் தாய் கிளாரா இறந்தார். அதே ஆண்டில் கணவர் ஆர்ச்சி வேறொரு பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்லி மணவிலக்குக் கேட்டார். டிசம்பரில் கிறிஸ்டி காணாமல்போய், பதினொரு நாள் தேடலுக்குப் பின் ஹாரோகேட் நகர விடுதி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். செய்தித்தாள்கள் அவரைத் துரத்தின. கையில் சிறுமகள், பணம் வேண்டும். ‘தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்’ நாவலை விருப்பமே இல்லாமல் எழுதி முடித்தார். பொழுதுபோக்காக எழுதிவந்த தான், எழுத மனமில்லாதபோதும் எழுதியாக வேண்டிய தொழிலாளியானது அப்போதுதான் என்று பின்னாளில் குறிப்பிட்டார். தன் வாழ்க்கையைப் பற்றி நாடே வம்பு பேசிய காலத்துக்கு அடுத்த ஆண்டில், வம்புப் பேச்சிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒரு மூதாட்டியை அவர் படைத்தார். என்னை மிகவும் நெகிழவைக்கும் செய்தி இது.

அந்த மூதாட்டிக்கு உயிர் கொடுத்தவர்கள் கிறிஸ்டியின் சிறுவயதில் கண்ணெதிரே இருந்தவர்கள். லண்டனை ஒட்டிய ஈலிங்கில் அவருடைய பாட்டி மார்கரெட் மில்லர் வசித்தார். அவரைப் பார்க்கவரும் தோழிகளின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் கிறிஸ்டி. மிஸ் மார்ப்பிள் அந்தப் பாட்டியின் நேர்ப்படம் அல்ல. ஆனால் ஒரு குணம் இருவருக்கும் பொது: முகத்தில் மலர்ச்சி மாறாது, மனமோ யாரிடத்திலும் மோசமானதையே எதிர்பார்க்கும், பெரும்பாலும் அந்த எதிர்பார்ப்புதான் பலிக்கும்.

பெயர் வந்தது ஒரு பழைய மாளிகையிலிருந்து. செஷயரில் மார்ப்பிள் என்ற ஊரில் இருந்தது மார்ப்பிள் ஹால். அங்கே பழைய மரச்சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது கிறிஸ்டி போய் இரண்டு ஓக் மர நாற்காலிகள் வாங்கினார். கன்னிக்கிழவிப் பாத்திரத்துக்குப் பெயர் தேடியபோது அந்த மாளிகையின் பெயரைச் சூட்டியதாக வாசகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

மார்ப்பிளுக்கு முன்பே கதைகளில் பெண்கள் துப்பறிந்திருக்கிறார்கள். 1864இலேயே பெண் துப்பறிவாளரை நாயகியாகக் கொண்ட இரண்டு நூல்கள் இங்கிலாந்தில் வெளிவந்தன. அப்போது லண்டன் காவல்துறையில் பெண் அதிகாரி ஒருவர்கூடக் கிடையாது. அமெரிக்காவின் அன்னா கேத்தரின் கிரீன் 1897இல் அமீலியா பட்டர்வொர்த் என்ற மணமாகாத சீமாட்டியைப் பக்கத்து வீட்டுக் கொலையைத் துப்பறிய வைத்தார். கிரீனின் புகழ்பெற்ற ‘தி லெவன்வொர்த் கேஸ்’ நாவலை அக்கா மேட்ஜ் படித்துக்காட்ட, சிறுமி அகதா மெய்மறந்து கேட்டிருக்கிறார்.

காலமும் கைகொடுத்தது. முதல் உலகப்போர் ஒரு தலைமுறை இளைஞர்களை விழுங்கியிருந்தது. 1921 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். மணமாகாத பெண்களை மிகையானவர்கள் என்று பத்திரிகைகள் கூசாமல் எழுதின. அப்படி ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்தே எழுத்தாளர்கள் துப்பறிவாளர்களை எடுத்தார்கள். 1927இல் டோரதி சேயர்ஸின் மிஸ் கிளிம்ப்சன், 1928இல் பட்ரீஷியா வென்ட்வொர்த்தின் மிஸ் சில்வர். இருவருக்கும் நடுவில் வந்தவர் மிஸ் மார்ப்பிள்.

முதல் கதையான ‘தி டியூஸ்டே நைட் கிளப்’ ஒரு வரவேற்பறையில் நடக்கிறது. ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர், வழக்கறிஞர், பாதிரியார், எழுத்தாளரும் மிஸ் மார்ப்பிளின் மருமகனுமான ரேமண்ட், ஓவியம் வரையும் பெண் ஆகியோர் கூடியிருக்கிறார்கள். ஆளுக்கொரு புதிரைச் சொல்லி மற்றவர்கள் விடை காணவேண்டும் என்று முடிவாகிறது. வீடு மிஸ் மார்ப்பிளுடையது. ஆனால் கருப்பு உடையில், பெரிய நாற்காலியில், வெள்ளைக் கம்பளி நூலால் பின்னிக்கொண்டிருக்கும் அவரை எண்ணிக்கையில் சேர்க்கவே மறந்துவிடுகிறார்கள்.

ஆணையர் சொல்லும் புதிர் ஒரு நஞ்சூட்டல். இரவு உணவுக்குப் பின் ஒரு பெண் இறந்திருக்கிறார். கணவர் எழுதிய கடிதத்தின் சில சொற்கள் மை ஒற்றும் தாளில் பதிந்திருக்கின்றன. பெருந்தொகையைப் பற்றிய பேச்சு என்று மற்றவர்கள் எண்ணும் ஒரு தொடர், உண்மையில் இனிப்பின் மேல் தூவும் சிறிய வண்ணச் சர்க்கரை மணிகளைக் குறிக்கிறது என்பது மிஸ் மார்ப்பிளுக்கு மட்டும் விளங்குகிறது. சமையலறை அறிந்தவருக்குத் தெரிந்தது, சட்டமும் காவலும் அறிந்தவர்களுக்குத் தெரியவில்லை. முதல் உலகப்போரின்போது டார்க்கீ மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்து நஞ்சுகளைக் கற்றவர் கிறிஸ்டி. அந்த அறிவும் சமையலறை அறிவும் இந்தக் கதையில் ஒன்றுசேர்ந்தன. கொலையாளி யார் என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மார்ப்பிளின் துப்பறியும் முறையும் இந்தக் கதையிலேயே பிறந்துவிட்டது. புதிய குற்றத்தைக் கேட்டதும், செயின்ட் மேரி மீட் கிராமத்தில் தான் கண்ட ஏதோ ஒரு சின்ன விஷயம் அவர் நினைவுக்கு வரும். எஜமானியை ஏய்த்த பணிப்பெண், கணக்கில் கைவைத்த கடைக்காரர், மனைவியை அழவைத்த கணவர் என்று யாராவது ஒருவர் ஒப்பீட்டுக்குக் கிடைப்பார். மனித சுபாவம் எங்கும் ஒன்றுதான்; கிராமத்தில் அதை அருகில் இருந்து பார்க்க முடிகிறது என்பது அவருடைய நம்பிக்கை. 1930இல் வந்த முதல் மார்ப்பிள் நாவல் ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’ முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தோட்டத்தில் களை எடுப்பதும் பறவை பார்ப்பதும் ஊரைக் கவனிக்க அவருக்குத் தோதான சாக்குகள். இன்ஸ்பெக்டர் ஸ்லாக் அவர் பேச்சைக் காதில் வாங்க விரும்புவதில்லை. அந்த அலட்சியமே அவருக்கு உதவுகிறது. கிழவிதானே என்று எண்ணி எல்லாரும் அவர் முன்னால் தடையின்றிப் பேசுகிறார்கள்.

முதல் நாவலில் ஊரார் அஞ்சும் கூர்மையான நாக்குக்காரர் மார்ப்பிள். 1942இல் ‘தி பாடி இன் தி லைப்ரரி’ வரும்போது கனிந்திருக்கிறார். 1950இன் ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’, 1971இன் ‘நெமிசிஸ்’ என்று வளர்ந்து, 1976இல் கிறிஸ்டி மறைந்த பிறகு வெளியான ‘ஸ்லீப்பிங் மர்டர்’ வரை 12 நாவல்கள், 20 சிறுகதைகள். அன்பு கூடினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: கொலையை அவர் எந்தக் காரணத்துக்காகவும் மன்னிப்பதில்லை. துப்பாக்கி ஏந்தவோ சுவரேறிக் குதிக்கவோ அவரால் இயலாது. கவனமும் நினைவும் தீமையை அதன் பெயர் சொல்லி அழைக்கும் துணிவும் அவரிடம் இருக்கின்றன. வலிமையான பெண் துப்பறிவாளர் என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் அதுவே.

1949இல் ‘மர்டர் அட் தி விக்கரேஜ்’ லண்டனில் நாடகமானது. பார்பரா மல்லன் மிஸ் மார்ப்பிளாக நடித்தார். 1984 முதல் 1992 வரை பிபிசி தொலைக்காட்சியில் ஜோன் ஹிக்சன் 12 நாவல்களுக்கும் முகம் தந்தார். மேடைக்கு வேண்டாம் என்று 1928இல் ஒதுக்கப்பட்ட வகைப் பெண்ணை உலகமே அமர்ந்து பார்த்தது.

பெண்கள் துப்பறியும் கதைகளை விரும்புகிறவர்கள் மார்ப்பிளை நாவலில் தொடங்கவேண்டாம். முதல் சிறுகதைகள் 1932இல் ‘தி தேர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்’ என்று நூலாயின. அதை முதலில் எடுங்கள். ஒரு இரவுக்கு ஒரு கதை போதும். அடுத்து ‘ரோஜர் அக்ராய்ட்’ நாவலுக்குப் போய்க் கரோலைனைச் சந்தியுங்கள். மேடை இழந்தது யாரை என்று உங்களுக்கே புரியும்.