இடம் பெயர்ந்த தூண்கள்

'காசியிற் பாதி கல்பாத்தி' என்பது பாலக்காட்டு வழக்கு. அவ்வூர் விசுவநாதர் கோயில் கி.பி. 1425-ஆம் ஆண்டளவில் எழுந்தது. தமிழகத்தினின்றும் போந்து குடியேறியோர், அதன் தேர்வீதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைச் சமைத்தனர். திண்ணையும் மரத்தூணும் முற்றமும் அவற்றின் அணிகள். அத்தகைய வீடு ஒன்று பிரிக்கப்படும்போது அதன் தூணும் நிலையும் போதிகையும் எங்கே செல்கின்றன? நாம் சிந்திக்க வேண்டிய வினா இது.

பழம்பொருளை மீண்டும் ஆள்வது புதிய வழக்கமன்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் அதற்குப் பெயர்த்தெடுக்கப்பட்டன. வயல்கள் நீர் பெற்றன, மதிலோ மறைந்தது. பயன் கிட்டியது, நினைவு அழிந்தது.

இரண்டையும் காத்தோரும் உளர். இடுக்கி மலையிலுள்ள வாகமண்ணில் 1960-களில் வாழ்ந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், இடிபட்ட வீடுகளின் கதவு, சன்னல், ஓடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் புதிய இல்லங்களிற் பொருத்தினார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவின் அமைப்பிலும் அவர் பங்கு கொண்டார். செட்டிநாட்டு வீடும், கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியின் மரவீடும் ஆங்கே பெயர்த்துக் கொணரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. எவ்வூர் வீடு என்பதைக் காண்போர் அறிந்து செல்கின்றனர்.

காரைக்குடிக் கடைகளிலோ பர்மாத் தேக்குத் தூண்கள் விலைக்கு நிற்கின்றன. வாங்குவோர் அவற்றை விடுதிக்கும் மாளிகைக்கும் கொண்டு செல்வர். தூண் பிழைத்தது, நன்று. ஆயினும் அதன் ஊர்ப்பெயர் உடன் செல்வதில்லை.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். பழைய வீட்டைப் பிரிக்க நேரின், முதலில் அதனைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு நிலையையோ போதிகையையோ புதிய அடுக்குமாடி இல்லத்திற்குக் கொணருங்கள். கூரை தாழ்ந்ததென்று தூணை அறுத்துவிடாதீர்கள். உறவினருள் இடமுள்ளோர்க்கு அளியுங்கள். விற்பதாயினும், ஊரும் தெருவும் ஆண்டும் அதன் பின்புறத்தே எழுதி விடுங்கள்.

நாமும் பெயர்ந்து வந்தோரே. வந்த ஊரின் பெயரைச் சொல்லக் கூடியவரை, நம் மக்கள் எவ்விடத்தும் வேரற்றவராகார். வீட்டுத் தூணுக்கும் அப்பெயரை நல்குவது நம் கடமையன்றோ?